காருக்கு எந்தக் காவல்?

வீட்டுக்குப் பூட்டு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இது உறுதியானதா?" வீடு இடம் பெயராது. ஆகவே கதவைக் காத்துவிட்டால் கவலை தீர்ந்தது. ஆனால் கார் அப்படிப்பட்டதன்று. திருடிய பொருளைக் கொண்டுபோகத் திருடன் வண்டி தேட வேண்டியதில்லை. திருடப்படும் பொருளே வண்டியாக இருக்கிறது! அதிலும் அது இரவும் பகலும் தெருவோரத்தில், வாகன நிறுத்தத்தில், காவலர் யாருமின்றி நிற்கிறது.

இதனால் காரைக் காப்பதற்கென்று பலவகைக் கருவிகள் தோன்றியுள்ளன. ஸ்டியரிங் சக்கரத்தில் மாட்டும் இரும்புத் தடி, ஓலமிடும் அலாரம், எஞ்சினை முடக்கும் மின்னணுக் கருவி, வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவி என்று அவை பல. ஒவ்வொன்றும் தன்னையே சிறந்தது என்று விளம்பரம் செய்துகொள்கிறது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, நாம் பள்ளியில் படிக்கும் இயற்பியலையும் கணிதத்தையும் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

நான்கு வாயில்கள்

ஒரு காரைத் திருட வருபவன் நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும். முதலாவது, காருக்குள் நுழைய வேண்டும். இரண்டாவது, எஞ்சினை இயக்க வேண்டும். மூன்றாவது, வண்டியைத் திருப்பி ஓட்டிச் செல்ல வேண்டும். நான்காவது, யாரும் கண்டுபிடிக்காமல் அதை மறைக்கவோ விற்கவோ வேண்டும்.

காவல் கருவி எதுவாயினும் இந்த நான்கில் ஏதேனும் ஒரு வாயிலில்தான் நிற்கிறது. நான்கையும் காக்கும் ஒற்றைக் கருவி கிடையாது. அதுபோலவே, எவராலும் உடைக்க முடியாத பூட்டும் கிடையாது. நல்ல பூட்டு என்பது திருடனின் நேரத்தை விழுங்கும் பூட்டு. அரை நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை பத்து நிமிடம் ஆகுமானால், அந்தப் பத்து நிமிடமும் அவன் பிறர் கண்ணில் படும் அபாயத்தில் இருக்கிறான். ஆகவே எந்தக் கருவியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அது எந்த வாயிலைக் காக்கிறது? எவ்வளவு நேரத்தை விழுங்குகிறது? அது இருப்பது திருடனுக்குத் தெரிகிறதா?

இரும்புத் தடியின் வேலை

முதலில் எளிய கருவியைப் பார்ப்போம். ஸ்டியரிங் சக்கரத்தின் குறுக்கே மாட்டிப் பூட்டும் நீண்ட உலோகத் தடியை நீங்கள் பார்த்திருக்கலாம். சக்கரத்தைத் திருப்ப முயன்றால் தடியின் நீண்ட முனை கதவிலோ, கண்ணாடியிலோ, இருக்கையிலோ இடித்துக்கொள்ளும். கார் நேராகப் போகலாம்; வளைய முடியாது. ஆக, இது மூன்றாவது வாயிலின் காவலன்.

காருடனேயே வரும் ஸ்டியரிங் பூட்டும் இதே வேலையைச் செய்கிறது. சாவியை எடுத்ததும் ஓர் எஃகு முளை ஸ்டியரிங் தண்டில் உள்ள பள்ளத்தில் விழுந்து அதைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1970-ஆம் ஆண்டு முதல் புதிய கார்கள் சாவியை எடுத்தபின் திரும்பவோ தாமாக நகரவோ முடியாதபடி இருக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டது.

தடிப் பூட்டில் ஒரு குறை உண்டு. தடி கடினமான எஃகினால் ஆனது; ஆனால் அது பற்றியிருக்கும் ஸ்டியரிங் சக்கரத்தின் வளையம் அவ்வளவு கடினமானதன்று. வளையத்தை அறுத்துவிட்டால் தடி கழன்று வந்துவிடும். சங்கிலியின் வலிமை அதன் மிக மெலிந்த கண்ணியின் வலிமையே அன்றோ! எனினும் அறுப்பதற்கு நேரம் வேண்டும். தடி வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிவதால், அவசரக்காரத் திருடன் பக்கத்துக் காரை நாடிப் போய்விடுவான். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

ஓலமிடும் காவலன்

அலாரத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று உணரும் பகுதி. மற்றொன்று கத்தும் பகுதி. கதவு திறப்பதை ஒரு சிறு சுவிட்ச் உணர்கிறது. கண்ணாடியை உடைக்கும் அதிர்ச்சியையும், காரைத் தூக்குவதால் ஏற்படும் சாய்வையும் வேறு உணரிகள் அறிகின்றன. சில கார்களில், செவிக்குப் புலனாகாத மீயொலி அலைகள் உள்ளே பரவி எதிரொலித்துக்கொண்டிருக்கும். உள்ளே எவரேனும் அசைந்தால் எதிரொலி மாறும், உடனே அலாரம் விழித்துக்கொள்ளும்.

கத்தும் பகுதியின் ஆற்றலை ஒரு சிறு கணக்கால் அறியலாம். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலியின் அளவு 6 டெசிபெல் குறைகிறது. காரிலிருந்து 2 மீட்டர் தொலைவில் 110 டெசிபெல் இருப்பதாகக் கொள்வோம். 4, 8, 16, 32, 64 என்று தொலைவு ஐந்து முறை இரட்டித்தால் 30 டெசிபெல் குறைந்து, 64 மீட்டரில் 80 டெசிபெல் இருக்கும். தெரு முழுவதும் கேட்க இது போதும்.

ஆனால் கேட்பது வேறு, கவனிப்பது வேறு. லாரி போனாலும் பூனை குதித்தாலும் அலாரம் கத்தினால், நாளடைவில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. புலி வருகிறது என்று பொய்க் கூச்சலிட்ட ஆட்டிடையன் கதைதான். ஆகவே அலாரம் வாங்குவோர் அது எவ்வளவு உரக்கக் கத்தும் என்பதைவிட, எவ்வளவு குறைவாகப் பொய் சொல்லும் என்பதையே பார்க்க வேண்டும்.

சாவியோடு பேசும் கார்

இப்போது இரண்டாவது வாயிலுக்கு வருவோம். இங்கே நிற்கும் காவலன்தான் எல்லாரிலும் வல்லவன். இம்மொபிலைசர் என்று வழங்கும் இக்கருவியை நாம் எஞ்சின் முடக்கி என்று அழைக்கலாம்.

பழைய காரின் சாவி வெறும் உலோகத் துண்டு. பூட்டுக்குள் ஐந்து தகடுகள் இருந்து, ஒவ்வொன்றும் நான்கு உயரங்களில் ஒன்றைக் கொள்ளுமானால், ஆகக்கூடிய சாவி வகைகள் 4 × 4 × 4 × 4 × 4, அதாவது 1,024 மட்டுமே. மேலும் பூட்டையே பெயர்த்துவிட்டால் சாவியின் வடிவத்துக்கு மதிப்பே இல்லை.

எஞ்சின் முடக்கி உள்ள காரில் சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு நுண்சில்லும், மெல்லிய கம்பிச் சுருளும் புதைந்திருக்கும். சாவித்துளையைச் சுற்றி மற்றொரு சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும் காரின் சுருளில் நொடிக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தாரே, அதே விதிப்படி சாவியின் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நுண்சில்லுக்கு வேண்டிய மின்சாரம் இவ்வாறே கிடைக்கிறது. அதற்குப் பாட்டரி தேவையில்லை.

உயிர்பெற்ற சில்லிடம் கார் ஒரு கேள்வி கேட்கிறது. சரியான விடை வந்தால்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறி எரிபொருளையும் தீப்பொறியையும் அனுமதிக்கும். பூட்டைப் பெயர்த்தாலும், கம்பிகளை ஒட்டினாலும், விடை வராதவரை எஞ்சின் ஓடாது.

கேள்வியும் விடையும் எப்படி இருக்கும்? காருக்கும் சாவிக்கும் மட்டும் தெரிந்த ஓர் இரகசிய விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 'கேட்ட எண்ணை 3-ஆல் பெருக்கி 7-ஐக் கூட்டு.' கார் 25 என்று கேட்டால் சாவி 82 என்று சொல்லும். கார் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் கேட்பதால், 82-ஐ ஒட்டுக்கேட்ட திருடனுக்கு அடுத்த முறை அது பயன்படாது. அடுத்த கேள்வி 64, விடை 199.

ஆனால் திருடன் உங்களைப் போல இயற்கணிதம் படித்தவனாக இருந்தால்? 25அ + ஆ = 82; 64அ + ஆ = 199. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 39அ = 117. ஆகவே அ = 3, ஆ = 7. இரண்டே உரையாடல்களில் இரகசியம் வெளியாகிவிட்டது! எனவே உண்மையான கருவிகளில் இத்தகைய எளிய விதிகளைப் பயன்படுத்துவதில்லை. விடையிலிருந்து பின்னோக்கிப் போய் இரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாதபடி எண்களைப் பலமுறை கலக்கும் விதிகளையே கையாள்கிறார்கள்.

அப்போதும் இரகசிய எண் போதிய நீளம் உள்ளதாக இருக்க வேண்டும். ஒரு காலத்தில் பல கார்ச் சாவிகளில் 40 பிட் நீளமுள்ள இரகசிய எண் இருந்தது. அதாவது 2-ஐ 40 முறை பெருக்கிய அளவு. ஒரு இலட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட எண்கள். நொடிக்கு ஒன்றாகச் சோதித்தால் 34,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் சிறப்பு மின்னணுச் சில்லுகளை ஒருங்கே இயக்கி, இத்தகைய சாவி ஒன்றின் இரகசிய எண்ணை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இதற்கு மருந்து நீளத்தைக் கூட்டுவதே. ஒரு பிட் கூடினால் திருடனின் வேலை இரு மடங்காகும். 128 பிட் ஆனால் எண்ணிப் பார்க்கவே முடியாத அளவாகும்.

ஒரே கார், இரு நாடுகள்

எஞ்சின் முடக்கியின் பயனை எவ்வாறு அளப்பது? ஐரோப்பிய நாடுகளில் 1998-ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று. நெதர்லாந்தில் இதன் விளைவை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், கார்த் திருட்டு சராசரியாக ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2016-இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்கிட்டார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று வட அமெரிக்காவில் கிடைத்தது. கனடாவில் 2007 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு எஞ்சின் முடக்கி கட்டாயம். அண்டை நாடான அமெரிக்காவிலோ அத்தகைய சட்டம் இல்லை. இருப்பினும் பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே அதைப் பொருத்தின. 2015-ஆம் ஆண்டு மாதிரிகளில் பிற நிறுவனக் கார் வகைகளில் 96 சதவீதத்தில் இது வழக்கமான உறுப்பாக இருந்தது. ஹூண்டாய், கியா ஆகிய இரு நிறுவனங்களின் கார் வகைகளில் மட்டும் 26 சதவீதமே அவ்வாறு இருந்தது. அவற்றில் விலை குறைந்த, சாதாரணச் சாவி உள்ள பல வகைகளில் அது இல்லை.

சில ஆண்டுகள் இக்குறையைப் பலர் அறியவில்லை. பிறகு இந்தக் கார்களைச் சாவியின்றி இயக்குவது எப்படி என்று காட்டும் படக்காட்சிகள் சமூக ஊடகங்களில் பரவின. 2022-இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இந்தக் கார்கள் வரிசையாகத் திருட்டுப் போயின. திருடியவர்களில் பலர் தொழில்முறைத் திருடர்கள் அல்லர். உங்கள் வயதுச் சிறுவர்கள். விளையாட்டாக எடுத்து, தாறுமாறாக ஓட்டி, மோதினார்கள். இத்தகைய விபத்துகள் குறைந்தது 14 நடந்தன என்றும், அவற்றில் 8 உயிர்கள் போயின என்றும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2023 பிப்ரவரியில் தெரிவித்தது. அதே பெயருள்ள கார்கள் எல்லைக்கு வடக்கே கனடாவில் முடக்கியுடன் விற்கப்பட்டிருந்தன. அந்த வித்தை அங்கே பலிக்கவில்லை. நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் விளைந்த வேறுபாடு இது.

பின்னர் அந்நிறுவனங்கள் ஏறத்தாழ 83 இலட்சம் கார்களுக்கு இலவசமாக மென்பொருள் மாற்றம் அளிக்க முன்வந்தன. காவல் நிலையங்கள் வழியே தடிப் பூட்டுகளையும் வழங்கின. மென்பொருள் மாற்றப்பட்ட கார்களின் கண்ணாடியில் ஒட்ட ஓர் அடையாளச் சீட்டும் கொடுத்தார்கள். ஏன் தெரியுமா? எஞ்சின் ஓடாது என்பது கண்ணாடியை உடைத்து உள்ளே வந்தபிறகுதான் திருடனுக்குத் தெரியும். சீட்டு அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது!

தொலைவைப் பற்றிய பொய்

பூட்டு முன்னேறினால் திருட்டும் முன்னேறுகிறது. இக்காலத்துக் கார்கள் பலவற்றில் சாவியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். உரிமையாளர் அருகில் வந்து கைப்பிடியைத் தொட்டதும் கார் மெல்லிய சைகை அனுப்பும், பையிலுள்ள சாவி விடை சொல்லும், கதவு திறக்கும். காரின் சைகை ஓரிரு மீட்டர்தான் போகும் என்பதால், விடை சொன்ன சாவி பக்கத்திலேயே இருக்கிறது என்று கார் நம்புகிறது.

அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை. இரு திருடர்கள் வருகிறார்கள். ஒருவன் காரின் அருகிலும், மற்றவன் சாவி இருக்கும் வீட்டு வாசலிலும் நிற்கிறான். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவதுபோல், காரின் கேள்வியை ஒருவன் கருவி மற்றவன் கருவிக்கு அனுப்ப, சாவியின் விடை அதே வழியில் திரும்பி வருகிறது. இரகசிய எண்ணை எவரும் உடைக்கவில்லை, விடையும் சரியானதே. பொய்யானது தொலைவு மட்டுமே! சுவிட்சர்லாந்தின் ஸூரிச் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்துக் கார்களைச் சோதித்து, பத்துமே இந்த வித்தைக்கு ஏமாந்ததை 2011-இல் வெளியிட்டார்கள்.

பொய்யைப் பிடிக்க ஒளியின் வேகம் உதவுகிறது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் செல்லும். சாவி 15 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 30 மீட்டர். எனவே 100 நானோ நொடி தாமதம். எவ்வளவு பெரிய திருடனாலும் ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. இந்தத் தாமதத்தை அளக்கும் மிகு அகலப் பட்டை ரேடியோச் சாவிகள் இப்போது சில கார்களில் வந்துள்ளன. மற்றவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. சாவியை வாசலோரம் மாட்டாமல் வீட்டின் உட்பகுதியில் உலோக டப்பாவிலோ உலோக இழைப் பையிலோ வைக்கலாம். மின்கடத்தியால் முழுதும் மூடிய பெட்டிக்குள் ரேடியோ அலைகள் எளிதில் நுழையா. பெட்டிக்குள் சாவியை வைத்துக் காரின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கதவு திறக்காவிட்டால் பெட்டி நல்ல பெட்டி.

ஒளிந்திருக்கும் காவலன்

நான்காவது வாயிலில் நிற்பது இடங்காட்டும் கருவி. தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சைகைகளைப் பெற்றுத் தன் இடத்தைக் கணக்கிட்டு, செல்பேசி வலையின் வழியே உரிமையாளருக்குத் தெரிவிக்கும். இது திருட்டைத் தடுப்பதில்லை. திருட்டுக்குப் பின்னரே பயன்படுகிறது. இரும்புக் கொள்கலத்துக்குள் காரை ஏற்றிவிட்டால் சைகை கிடைக்காமலும் போகலாம்.

ஆனால் இதற்கு ஒரு வியப்பான நற்குணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1986-இல் லோஜாக் என்ற ரேடியோக் கருவி அறிமுகமாயிற்று. காரில் அது எங்கே இருக்கிறது என்பது வெளியே தெரியாது. அதற்கு அடையாளமும் ஒட்டுவதில்லை. அயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு பேராசிரியர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவி புழங்கிய நகரங்களில் அதைப் பொருத்தாத கார்களின் திருட்டும் குறைந்ததைக் கண்டார்கள். எந்தக் காரில் கருவி ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால் எல்லாக் கார்களையும் கண்டு திருடர்கள் அஞ்சினார்கள்.

இப்போது தடிப் பூட்டை நினைவுகூருங்கள். கண்ணுக்குத் தெரியும் பூட்டு திருடனைப் பக்கத்துக் காருக்கு அனுப்புகிறது. அது வைத்திருப்பவரை மட்டும் காக்கிறது. ஒளிந்திருக்கும் கருவி தெருவையே காக்கிறது. எல்லாக் கார்களிலும் சட்டப்படி பொருத்தப்படும் எஞ்சின் முடக்கியும் இத்தகையதே. அனுப்புவதற்குப் பக்கத்துக் கார் இல்லையே!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கார் இருந்தால் முதலில் அதன் கையேட்டைப் பார்த்து, எஞ்சின் முடக்கி இருக்கிறதா என்று அறியுங்கள்.

இல்லையென்றால், முதல் செலவு அதற்கே ஆக வேண்டும். தேர்ந்த தொழிலாளி பொருத்துவதே நல்லது; தவறாக இணைத்தால் ஓடும்போது எஞ்சின் நின்றுவிடக்கூடும். அதுவரை தடிப் பூட்டை நாள்தோறும் மாட்டுங்கள்.

சில்லு உள்ள சாதாரணச் சாவியானால், எஞ்சின் வாயில் காவலில் இருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது சாவி களவு போகாமல் காப்பதையே. மாற்றுச் சாவியைக் காருக்குள் வைக்காதீர்கள்.

கையில் எடுக்க வேண்டாத சாவியானால், உலோகப் பெட்டியும் தடிப் பூட்டும் போதிய துணை. மின்னணுத் திருடனிடம் பழைய இரும்புத் தடியை வெல்லும் கருவி இல்லை! ஒன்று மின்னணுக் காவல், ஒன்று இயந்திரக் காவல் என்று இருவகையும் இருப்பதே வலிமை. ஒருவகையில் தேர்ந்த திருடன் மற்றதில் தேர்ந்தவனாக இருப்பது அரிது.

வண்டி விலை உயர்ந்ததாகவோ, நெடுநேரம் வெளியில் நிற்பதாகவோ இருந்தால், இடங்காட்டும் கருவியை நான்காவது காவலாகச் சேர்க்கலாம். அலாரம் ஏற்கெனவே இருந்தால் அதைச் சரியாகப் பழுது பார்த்து வையுங்கள். அதை மட்டும் நம்பி இராதீர்கள்.

கனடாவின் வின்னிபெக் நகரம் ஒரு காலத்தில் கார்த் திருட்டுக்குப் பேர்போனது. அங்கே 2007-இல், மிகுதியாகத் திருட்டுப் போகும் வகைக் கார்களுக்கு எஞ்சின் முடக்கியைக் கட்டாயமாக்கினார்கள். அத்துடன், திருட்டில் இறங்கிய இளைஞர்களை நெருங்கிக் கண்காணித்து, அவர்களை நல்வழிப்படுத்தும் பணிகளையும் சேர்த்துச் செய்தார்கள். சில ஆண்டுகளில் திருட்டு பெருமளவு வீழ்ந்தது. சில்லு காரைக் காத்தது. ஆனால், அந்தக் காரில் ஏறி உயிரை இழந்திருக்கக்கூடிய சிறுவனைக் காத்தது, சில்லுடன் சேர்ந்து மனிதர் எடுத்துக்கொண்ட அக்கறையே.